பிறப்பா, வளர்ப்பா?

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்கிறோம். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்றும் கேட்கிறோம். முன்னது பிறப்பைப் பெரிதாக்குகிறது, பின்னது வளர்ப்பை. இரண்டையும் ஒரே கல்லாவில் அமர்ந்து ஒரே நாளில் சொல்ல நாம் தயங்குவதில்லை. (பிள்ளை தேறினால் தம் வளர்ப்பு, தவறினால் அவன் தாய்வழிக் குணம் என்று தீர்ப்புக் கூறும் தகப்பன்மாரும் நம்மில் உண்டு!) எது மெய் என்பதை, வைத்தியர்கள் நன்கு ஆராய்ந்துள்ள ஒரு நோயைக் கொண்டு பார்ப்போம்.

நார்வே நாட்டில் ஒரு தாய்க்கு இரு குழந்தைகள். பிறந்தபோது குறையேதும் தெரியவில்லை. நாளாக ஆக இருவருக்கும் புத்தி வளராது நின்றது. அவர்கள் உடலில் விசித்திரமான ஒரு வாடை வீசுவதைக் கவனித்த அத்தாய், பல வைத்தியர்களிடம் அலைந்தார். கடைசியில் 1934ஆம் ஆண்டில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் டாக்டர், குழந்தைகளின் சிறுநீரில் இரும்புக் குளோரைடைச் சேர்க்க, அது பச்சை நிறமாயிற்று. அதைத் தொடர்ந்து ஆராய்ந்து நோயைக் கண்டார். பினைல்கீட்டோனூரியா என்பது அதன் பெயர்.

இறைச்சி, மீன், முட்டை, பால், பருப்பு ஆகியவற்றில் பினைலலனின் என்றொரு சத்து உண்டு. நம் உடல் அதில் மிஞ்சியதை வேறு பொருளாக மாற்றிக்கொள்ளும். இந்நோயாளரிடம் அவ்வேலைக்குரிய மரபணு பழுதுபட்டிருப்பதால், அது இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். ஒன்று மட்டும் உடையவர் சுகமாகவே வாழ்வார். தம்மிடம் அது இருப்பதையே அறியார். அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். இரத்த உறவில் மணமுடிப்போருக்கு இவ்வபாயம் கூடுதல். மாமன் மகள், மாமி மகன் என்று சம்பந்தம் பேசும் நாம் இதை மனத்தில் கொள்வது நல்லது.

ஆகவே பிறப்பின் கணக்கே இது என்று பேரேட்டை மூடிவிடத் தோன்றும். மூட முடியாது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் டாக்டர் ஹார்ஸ்ட் பிக்கலும் அவர் கூட்டாளிகளும், இந்நோயுற்ற ஒரு சிறு பெண்ணுக்கு அச்சத்தைக் குறைத்த தனி உணவைக் கொடுத்து, பலனை 1953இல் வெளியிட்டனர். நிற்கவும் நடக்கவும் இயலாதிருந்த குழந்தை தவழ்ந்தது, எழுந்து நின்றது. உணவால்தானா என்று உறுதி செய்ய, தாய்க்குச் சொல்லாமலேயே அச்சத்தை மீண்டும் சேர்த்தனர். குழந்தை பழைய நிலைக்குச் சரிந்தது. (தாயிடம் மறைத்தது முறையா என்று கேட்டால், முறையன்று என்றே சொல்வோம்.)

ஆயினும் கெட்டுப்போன மூளை முழுதும் சீராவதில்லை. பிறந்த சில நாட்களிலேயே கண்டறிய வேண்டும். அமெரிக்காவின் இராபர்ட் கத்ரி, குழந்தையின் குதிகாலிலிருந்து ஒரு சொட்டு இரத்தத்தைத் தாளில் எடுத்துச் சோதிக்கும் வழியை 1960களின் தொடக்கத்தில் பரப்பினார். அப்படிக் கண்டறியப்பட்டு உணவு காக்கப்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள், தொழில் செய்கிறார்கள், மணமும் முடிக்கிறார்கள். மரபணு அன்றிருந்த அதே மரபணுதான்.

இன்னொன்றும் உண்டு. அப்படி வளர்ந்த ஒரு பெண் கர்ப்பகாலத்தில் பத்தியத்தை விட்டுவிட்டால், அவர் இரத்தத்தில் தேங்குவது கருவைத் தாக்கும். கருவுக்கு அந்நோய் இல்லாவிடினும் மூளை பாதிக்கப்படும். இதில் எத்தனை வீசம் பிறப்பு, எத்தனை வீசம் வளர்ப்பு என்று எந்தக் கணக்கப்பிள்ளை பிரிப்பார்?

அறிவும் குணமும் இதுபோல் ஒரே மரபணுவின் காரியமல்ல. மிகப் பல மரபணுக்களும் வீடும் பள்ளியும் உணவும் கலந்தவை. ஒரு மரபணுவின் கதையே இப்படியிருக்க, "இவன் இரத்தமே மந்தம்" என்று பன்னிரண்டு வயதுப் பையனைப் படிப்பிலிருந்து நிறுத்த நினைப்பவரிடம், எந்தச் சோதனையில் கண்டீர் என்று கேட்கலாம்.

நம் கடைகளில் அஸ்பார்டேம் சேர்ந்த, சர்க்கரையில்லாப் பானங்கள் விற்கிறோம். அந்த டின்னைத் திருப்பிப் பார்த்தால், பினைலலனின் உள்ளது என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அது இந்நோயோடு பிறந்து, நலமாக வளர்ந்து, கடைக்கு வந்து டின்னைக் கையிலெடுக்கும் ஒருவருக்காக அச்சிட்டது.