பிள்ளையின் மனதை அறிய ஊரையும் அறிய வேண்டும்

இடம்பெயர்ந்த எமது பிள்ளைகளுக்கு உதவவென உளவளத் துணையாளர்களும் சமூகப் பணியாளர்களும் வருகின்றனர். அவர்கள் தொழிலைக் கற்றவர்கள். பிள்ளையை அறிந்தவர்கள் நாம். இரண்டு அறிவும் சேர்ந்தாற்றான் பிள்ளை தேறும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பத்து வயதுச் சிறுவனிடம் வெளியூர்ப் பணியாளர், "உனக்குக் கவலை உண்டா?" என்று கேட்கிறார். அவன் தலைகுனிந்து "இல்லை" என்கிறான். படிவத்தில் "பிரச்சினை இல்லை" என எழுதப்படுகிறது. அவனோ நாளும் வயிற்றுக்குத்து என்று பாடசாலை போகாமற் படுக்கிறான். இரவில் திடுக்கிட்டு எழும்புகிறான். தலைகுனிந்தது மரியாதை. வயிற்றுக்குத்துத்தான் அவனுடைய துயரத்தின் மொழி. இதை அறியாதவர் எப்படி உதவுவார்?

போரின் காயம் தனி ஆளை மட்டுமன்றி, குடும்பத்தையும் ஊரையும் தாக்கும் என்று யாழ்ப்பாணத்து மனநல வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம் எழுதியுள்ளார். அனர்த்த கால உளசமூக உதவி பற்றி 2007இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டியும், மக்களிடம் ஏற்கெனவே உள்ள உதவி முறைகளை மதித்துப் பணிசெய்யும்படி கூறுகிறது. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் களிமண், வர்ணம், கதை, நாடகம் என்பவற்றில் ஒன்றுசேர்ந்தனர். சொல்லில் வராததை விளையாட்டிற் சொல்ல இடம் கிடைத்தது.

பெற்றார் செய்யக்கூடியவை:

1. பிள்ளையின் ஊர், வயல், மேய்த்த மாடு, இழந்த உறவு யாவற்றையும் பணியாளருக்குச் சொல்லுங்கள். "ஏங்கிப் போனான்" என்றால் அந்தச் சொல்லையே சொல்லுங்கள்.

2. அம்மம்மாவையும் கூப்பிடுங்கள். பிள்ளை யாருடன் படுக்கிறதோ அவருக்கே இரவுப் பயம் தெரியும்.

3. நூல் கட்டியதையும் நேர்த்தி வைத்ததையும் மறைக்க வேண்டாம். அவை ஆறுதல் தரலாம். ஆனால் அவற்றுக்காக வைத்தியத்தைப் பிற்போட வேண்டாம்.

4. இறந்தவரின் முப்பத்தொன்றிலோ நினைவுப் பூசையிலோ பிள்ளையும் விளக்கேற்றட்டும், பூ வைக்கட்டும்.

எமது வழக்கம் எல்லாமே நல்லதென்றும் இல்லை. "அடியாத மாடு படியாது" என்று பயந்த பிள்ளையை அடித்தால் பயம் கூடுமேயன்றிக் குறையாது.

பிள்ளை உணவை மறுத்தால், வாரக்கணக்கிற் பேசாதிருந்தால், சாகவேண்டும் என்று சொன்னால், அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

குழுவிற் கதைப்பதற்கு:

அ. எங்கள் பிள்ளைகள் துயரத்தை எந்த வார்த்தையால், எந்த நோவால் காட்டுகின்றனர்?

ஆ. அடுத்த முறை வரும் பணியாளருக்கு நாம் முதலிற் சொல்ல வேண்டியது என்ன?