பறவையின் முதுகில் ஒரு வானொலி

குளிர்காலத்தில் ஏரிக்கரையிலோ கழிமுகத்திலோ நின்று பார்த்தவர்களுக்கு விராலடிப்பானைத் தெரிந்திருக்கும். கண்ணின் வழியாக ஒரு கரும்பட்டை, வெள்ளை வயிறு. நீருக்கு மேல் ஓரிடத்தில் நின்றபடி சிறகடிக்கும், பிறகு கால்களை முன்னே நீட்டி நீரில் பாயும், மீனோடு எழும். மீனைத் தவிர வேறெதையும் இது அநேகமாகத் தின்பதில்லை. ஆகவே ஏரிகள் உறையும் நாடுகளில் குளிர்காலத்தில் இதனால் வாழ முடியாது. இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கிக் கிளம்பிவிடுகின்றது.

எங்கே போகின்றது, எந்த வழியாகப் போகின்றது? நெடுங்காலம் பறவையின் காலில் உலோக வளையம் மாட்டித்தான் இதற்கு விடை தேடினார்கள். வளையத்தில் எண் இருக்கும். அந்தப் பறவை வேறொரு நாட்டில் அகப்பட்டாலோ இறந்து கிடந்தாலோ, கண்டவர் எழுதித் தெரிவிப்பார். இதில் நமக்குக் கிடைப்பவை இரண்டே புள்ளிகள்: புறப்பட்ட இடமும் முடிந்த இடமும். இடையில் நடந்த பயணம் முழுவதும் இருட்டு.

அந்த இருட்டைப் போக்கியது செயற்கைக்கோள். 1978-இல் பிரான்சும் அமெரிக்காவும் சேர்ந்து ஆர்கோஸ் என்னும் அமைப்பைத் தொடங்கின. கடலில் மிதக்கும் மிதவைகளையும் வானிலை பலூன்களையும் தொடர்வதற்காக ஏற்பட்டது அது. ஒலிபரப்பும் கருவிகள் சிறுத்துக்கொண்டே வந்ததால், 1990-களில் அவற்றை விராலடிப்பானின் முதுகிலும் ஏற்ற முடிந்தது. பறவையின் எடை சுமார் 1,500 கிராம். கருவியின் எடை சுமார் 30 கிராம். அதாவது நூற்றுக்கு இரண்டு பங்கு. உங்கள் எடை 50 கிலோ என்றால், ஒரு கிலோ புத்தகப் பையைச் சுமப்பது போல. (உண்மையில் உங்கள் பை இதைவிடப் பல மடங்கு கனமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும்!) மேலே சூரிய மின்கலம், வழுவழுப்பான நாடாக்களால் பள்ளிப்பை போலவே கட்டுகிறார்கள்.

கருவி செய்யும் வேலை மிக எளியது. நிமிடத்திற்கு ஒருமுறை, ஒரு விநாடிக்கும் குறைந்த நேரம், தன் எண்ணைச் சொல்லி ஒரு வானொலித் துடிப்பை அனுப்புகின்றது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று அது சொல்வதில்லை. தான் இருக்கும் இடம் அதற்கே தெரியாது. அப்படியானால் செயற்கைக்கோள் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ரயில் மேடையில் நின்றிருக்கிறீர்கள். நிற்காமல் போகும் வண்டி ஒன்று ஊதிக்கொண்டே வருகின்றது. நெருங்கும்போது ஊதல் கீச்சென்று ஒலிக்கும். உங்களைக் கடந்ததும் சட்டெனத் தடித்துவிடும். இதுவே டாப்ளர் விளைவு. வானொலி அலைக்கும் இது பொருந்தும். ஆர்கோஸ் செயற்கைக்கோள் சுமார் 850 கி.மீ. உயரத்தில், விநாடிக்கு ஏறத்தாழ 7.4 கி.மீ. வேகத்தில், துருவங்களை ஒட்டிச் சுற்றுகின்றது. பறவையின் வானொலி ஒலிபரப்புவது ஏறத்தாழ 401.65 மெகாஹெர்ட்ஸ். அடிவானத்தில் எழுந்து நெருங்கும் செயற்கைக்கோளுக்கு இந்த எண் 9,000 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவாகக் கூடித் தெரியும். விலகிப் போய் மறையும்போது அதே அளவு குறைந்து தெரியும். 45,000-இல் ஒரு பங்கு மாற்றம்தான், ஆனால் அளந்துவிடலாம்.

இப்போது ஒரு தாளில் வரைந்து பாருங்கள். கிடைக்கோட்டில் நேரம், செங்குத்தில் அதிர்வெண். கோடு மேலிருந்து கீழே சரிந்து விழும். அதிர்வெண் சரியாக 401.65-ஐத் தொடும் கணமே செயற்கைக்கோள் பறவைக்கு மிக அருகில் இருந்த கணம். சரிவு செங்குத்தாக இருந்தால் பறவை அதன் பாதைக்கு நேர் கீழே இருக்கின்றது. சரிவு மெதுவாக இருந்தால் பறவை பக்கவாட்டில் தள்ளி இருக்கின்றது. எவ்வளவு தள்ளி என்பதையும் சரிவே சொல்லிவிடும்.

ஆனால் ஒரு சிக்கல். பறவை இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் கோடு அநேகமாக ஒன்றாகவே இருக்கும். கணக்கு இரண்டு விடைகளைத் தருகின்றது! பூமி சுழல்வதால் இரு விடைகளுக்கும் இடையே மிகச் சிறிய வேறுபாடு உண்டு. அதைக் கொண்டும், பறவை நேற்று இருந்த இடத்தைக் கொண்டும் ஒன்றைத் தள்ளிவிடுகிறார்கள். இப்படிக் கிடைக்கும் இடத்தில் சில நூறு மீட்டர் முதல் சில கிலோமீட்டர் வரை பிழை இருக்கலாம். பின்னர் வந்த கருவிகளில் ஜி.பி.எஸ். உண்டு. அங்கே முறை தலைகீழ்: செயற்கைக்கோள்கள் பேசுகின்றன, பறவையின் முதுகில் உள்ள கருவி கேட்டுத் தன் இடத்தைத் தானே கணக்கிடுகின்றது. பிழை சில பத்து மீட்டர்தான்.

இவ்வளவு பாடுபட்டு என்ன தெரிந்துகொண்டார்கள்? அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையைப் பார்ப்போம். நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் இடையில் 1940-களில் சுமார் 1,000 கூடுகள் இருந்தன. 1969-இல் மிஞ்சியவை சுமார் 150. டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து மீன் வழியாகத் தாய்ப்பறவையின் உடலில் சேர்ந்தது. முட்டை ஓடுகள் மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கின. 1972-இல் அமெரிக்கா அம்மருந்தைத் தடை செய்தபின் கூடுகள் மெல்ல மெல்லப் பெருகின. ஆனால் இப்பறவை ஆண்டில் பாதியை வேறு நாடுகளில் கழிக்கின்றது. அங்கே அதற்கு என்ன நேர்கிறது என்று தெரியாமல் எப்படிக் காப்பது?

மூத்த பறவைகளின் பாதையில் வியப்பு குறைவு. கரையை ஒட்டி ஃபுளோரிடா, அங்கிருந்து கியூபா, ஹிஸ்பானியோலா தீவு, பிறகு கரீபியன் கடலைக் கடந்து தென் அமெரிக்கா. கடலை இயன்றவரை தவிர்க்கும் வழி இது. கணவனும் மனைவியும் சேர்ந்து போவதில்லை. குளிர்காலத்தை வெவ்வேறு இடங்களில் கழித்துவிட்டு, வேனிலில் அதே கூட்டிற்குத் திரும்புகின்றன.

வியப்பு குஞ்சுகளிடம்தான். பறக்கத் தொடங்கிச் சில வாரங்களே ஆன குஞ்சு, வழிகாட்ட யாருமின்றித் தனியே கிளம்புகின்றது. தாய் பெரும்பாலும் முன்னரே போயிருக்கும். திசையும் புறப்படும் காலமும் பிறப்பிலேயே வந்தவை; வரைபடம் இல்லை. எனவே நியூ இங்கிலாந்திலிருந்து சில குஞ்சுகள் கரையை விட்டு நேரே அட்லாண்டிக் கடலின் மேல் புறப்பட்டு, 1,500 கி.மீ.க்கும் மேல் பறந்து பஹாமாஸ் தீவுகளை அடைந்ததைக் கருவிகள் காட்டின. மணிக்கு 45 கி.மீ. என்று வைத்துக்கொண்டாலும் 33 மணி நேரம் ஆகும். இறங்கி இளைப்பாற இடமில்லை. ஓர் இரவாவது கடலின் மேலேயே கழிந்தாக வேண்டும். 2008-இல் மாசசூசெட்ஸின் மார்த்தாஸ் வினியார்டு தீவிலிருந்து கிளம்பிய ஒரு விராலடிப்பான், 13 நாட்களில் சுமார் 4,300 கி.மீ. பறந்து பிரெஞ்சு கயானாவை அடைந்தது. நாளுக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் குஞ்சுகளும் போய்ச் சேர்வதில்லை. ஏறத்தாழப் பாதி முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. பக்கக் காற்று வீசினால் அனுபவமுள்ள பறவை திருத்திக்கொள்ளும். குஞ்சு காற்றோடு விலகிவிடும். சில மீன் பண்ணைகளுக்கு அருகே சுடப்படுகின்றன. ஆய்வாளர் மேசையில் அப்போது தெரிவது இதுதான்: நகர்ந்துகொண்டிருந்த புள்ளி ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றது, அல்லது கடலின் நடுவே துடிப்பு வராமல் போகின்றது. நின்ற இடம் தரையாக இருந்தால் ஆட்கள் போய்த் தேடுகிறார்கள். மீன் பண்ணைக்காரரிடம் பேசவும், குளத்தின்மேல் வலை கட்டச் சொல்லவும் அந்தப் புள்ளி வழிகாட்டுகின்றது.

பிழைத்த குஞ்சு உடனே திரும்பி வருவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தென் அமெரிக்க ஆற்றங்கரைகளிலேயே தங்கி, மீன்பிடிப்பதில் தேர்ச்சி பெறுகின்றது. இரண்டு வயதாகும் வேனிலில்தான் முதன்முதலாக வடக்கே கிளம்புகின்றது. அடுத்த முறை தெற்கே போகும்போது அதன் பாதை பெற்றோரின் பாதையைப் போல நிலத்தை ஒட்டியே அமைகின்றது.