வணிகப் பள்ளியில் தகவல் ஆராய்ச்சி

கணினியை ஆராயப் புகுவோன் வணிகப் பள்ளியை நாடுவதென்னை என வினவுவார் உளர். பொறியை ஆக்குவது பொறியியலார் தொழில். அது தருஞ் செய்தி மாந்தர்தம் கொடுக்கல் வாங்கலை எங்ஙனம் மாற்றுகின்றது என ஆய்வதே தகவல் முறைமை என்னுந் துறை. 2011-இல் தோன்றிய திருச்சிராப்பள்ளி இந்திய மேலாண்மைக் கழகத்தில் இத்துறையில் முனைவர் பட்டத்திற்குப் பயிலலாம். முன்னர் இத்தகைய கழகங்கள் 'ஃபெலோ' என்னும் பெயரே அளித்தன. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பட்டம் வழங்கும் உரிமை எய்தின.

1997 முதல் 2001 வரை கேரளக் கடற்கரையிற் கைப்பேசி பரவவே, சந்தைதோறும் மீன்விலை வேறுபடுதல் பெரிதுங் குறைந்ததென ராபர்ட் ஜென்சன் 2007-இல் காட்டினார். மீன் அன்றே விற்றாக வேண்டிய பொருள். எங்கள் கோவிற்பட்டிக் கரிசலில் விளையும் உளுந்தும் பருத்தியும் அத்தகையனவல்ல, சின்னாள் வைத்திருக்கலாம். ஆயினும், வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்குக் கடன்பட்ட உழவன், கடன் கொடுத்த வணிகனுக்கே விளைச்சலை அளக்க நேரின், விருதுநகர் விலையைக் கைப்பேசியில் அறிந்தும் என் செய்வான்? யாம் ஆராய விழையும் வினா இதுவே. கணினிமுன் அமர்ந்து இதற்கு விடை காண்டல் அரிது. களத்துமேட்டிலும் கமிஷன் மண்டியிலும் இருந்து கேட்டல் வேண்டும். தமிழ் பயிலும் எமக்கு இதில் என்ன வேலை என்பீராயின், உழவன் கூறும் விடை தமிழிலன்றோ வரும்!