புவியின் உயிர்ப்பு

காற்றின் 10 இலட்சம் மூலக்கூறுகளை எண்ணின், அவற்றுள் கரியமிலவாயுவுக்கு உரியவை 420-க்குச் சற்று மேற்பட்டனவே. இத்துணைச் சிறிய பங்கினால் என்ன ஆகும் என்று எண்ணுதல் தவறு. ஞாயிற்றின் ஒளியால் சூடேறிய நிலம் வெளிவிடும் வெப்பத்தை, விண்வெளிக்கு எளிதிற் செல்லவொட்டாது தடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அவ்வாயு அளவோடு இருத்தலாலேயே உலகம் பனிக்கட்டியாய் உறைந்து போகாமல், உயிர்கள் வாழ்வதற்கு ஏற்றதாய் விளங்குகின்றது. அளவு மிகின் வெப்பமும் மிகும்.

1958-ஆம் ஆண்டில் சார்லஸ் டேவிட் கீலிங் என்னும் அமெரிக்க அறிஞர், ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா எரிமலையின் சரிவில் கருவி நிறுவி இவ்வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது அதன் அளவு ஏறக்குறைய 315. பின்னர் அஃது ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்தது. மக்கள் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தலும் காடுகளை அழித்தலுமே இதற்குக் காரணம். ஆயினும், எரித்த பொருளின் கணக்கையும் காற்றில் ஏறிய அளவையும் ஒப்பிட்டு நோக்கிய அறிஞர்கள், வெளிவந்த வாயுவில் ஏறத்தாழப் பாதியே காற்றில் தங்குகின்றது என்று கண்டனர். மற்றப் பாதியைக் கடலும் காடும் உட்கொள்கின்றன. கேளாமலே கிடைத்த பேருதவி இது! ஆனால், எந்தக் காடு எவ்வளவு உட்கொள்கின்றது? இவ்வுதவி என்றும் இவ்வாறே கிடைக்குமா?

ஏரியில் நட்ட அளவுகல், நீர்மட்டம் ஒரு சாண் உயர்ந்ததைக் காட்டும். எந்த வாய்க்கால் எவ்வளவு நீரைக் கொணர்ந்தது, எந்த மதகு எவ்வளவு வெளிவிட்டது என்பதைக் காட்டாது. மௌனா லோவாவின் அளவும் அத்தகையதே. அளவை நிலையங்கள் பின்னர்ப் பல ஆயின. எனினும், வெப்பமண்டலக் காடுகளில் அவை மிகச் சிலவே. ஆதலின், அறிஞர்கள் விண்ணிலிருந்து நோக்கும் வழியை நாடினர்.

2009-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23-ஆம் நாள் ஜப்பானியர் ‘இபுகி’ என்னும் துணைக்கோளை விண்ணிற் செலுத்தினர். கரியமிலவாயுவையும் மெதேனையும் அளப்பதற்கென்றே அமைந்த முதல் துணைக்கோள் அதுவே. இபுகி என்னும் சொல் அவர்தம் மொழியில் மூச்சைக் குறிக்கும். பழந்தமிழில் மூச்சு ‘உயிர்ப்பு’ எனப்படும்; உலகின் மூச்சை அளக்கும் கருவிக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்தல் அரிது. அடுத்த மாதமே அமெரிக்கர் செலுத்திய துணைக்கோளோ, அதனை மூடியிருந்த கவசம் கழலாமையால் விண்ணை எட்டாது, அந்தார்க்டிக்காவை அடுத்த கடலில் வீழ்ந்தது. பல்லாண்டு உழைப்பு சில நிமிடங்களில் அழிந்தும் அவர்கள் மனந்தளர்ந்தாரல்லர். அதனைப் போன்ற மற்றொன்றை அமைத்து, 2014-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் செலுத்தினர். ஓசிஓ-2 எனப்படும் அது, 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வரலாயிற்று.

அத்துணை உயரத்திலிருந்து காற்றை அளப்பது எங்ஙனம்? ஞாயிற்றின் ஒளி வளிமண்டலத்தைக் கடந்து தரையிற் பட்டு, மீண்டும் அதனைக் கடந்தே துணைக்கோளை அடைகின்றது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியின் சில கூறுகளைக் கரியமிலவாயு வழியிலேயே விழுங்கிவிடுகின்றது. வந்து சேர்ந்த ஒளியைக் கருவி பகுத்துக் காட்டும்போது, விழுங்கப்பட்ட இடங்களில் கருங்கோடுகள் தோன்றும். கோடு எவ்வளவு கருமையோ அவ்வளவு மிகுதி வாயு. காற்றில் மாறாப் பங்குடைய பிராணவாயுவின் கோடுகளையும் உடன் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டு விகிதம் காண்பர்.

கேட்பதற்கு எளிதாய்த் தோன்றும் இம்முறை செய்தற்கு மிக அரியது. கரியமிலவாயு நெடுங்காலம் அழியாது நிற்பது. ஆகவே, காற்றோடு உலகெங்கும் பரவி நன்கு கலந்துவிடுகின்றது. அதனால் இடத்துக்கு இடம் காணும் வேறுபாடு மிக நுண்ணியது. 400-இல் ஒன்றைப் பிரித்தறிந்தாலன்றி எந்தக் காடு ஏற்றது, எந்த நகரம் விடுத்தது என்று கூறவியலாது. மேகமும் தூசியும் ஒளியின் வழியை மாற்றிக் கருவியை ஏமாற்றும். ஆதலின், ஒரு நாளில் எடுக்கும் ஏறக்குறைய 10 இலட்சம் அளவுகளுள் பெரும்பகுதியைத் தள்ளிவிடுகின்றனர். எஞ்சியவற்றையும் தரைநிலையங்களின் அளவோடு ஒத்துப் பார்த்து, காற்று வீசிய திசையைப் பின்னோக்கிக் கணக்கிட்டே வாயுவின் பிறப்பிடத்தைத் துணிகின்றனர்.

இவ்வுழைப்பின் பயனை 2015-ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டில் பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் வழக்கத்தினும் சூடேறின. எல் நினோ எனப்படும் இந்நிகழ்ச்சியால் வெப்பமண்டல நிலங்களில் வறட்சியும் வெம்மையும் மிகுந்தன. இபுகி கண்ட 2011-ஆம் ஆண்டின் நிலையையும் ஓசிஓ-2 கண்ட 2015-ஆம் ஆண்டின் நிலையையும் அறிஞர்கள் ஒப்பிட்டனர். அந்நிலங்கள் முன்னதைவிட 250 கோடி டன் கரியை மிகுதியாகக் காற்றில் சேர்த்திருந்தன. அளவினும் வியப்புக்குரியது, கண்டத்துக்குக் கண்டம் காரணம் வேறுபட்டமையே. தென் அமெரிக்காவில் மழையின்றி மரங்கள் வாடியதால், அவை உட்கொள்ளும் வாயு குறைந்தது. ஆப்பிரிக்காவில் வெம்மையால் இலைதழைகள் விரைந்து மட்கி வாயுவை வெளிவிட்டன. ஆசியாவிலோ காடும் கரிமண் நிலமும் தீப்பற்றி எரிந்தன. அளவுகல் மட்டுமே இருந்திருப்பின், நீர் உயர்ந்தது என்பதன்றி இவற்றுள் ஒன்றும் தெரிந்திராது.

உலகம் மேலும் வெப்பமுறின், இக்காடுகள் வாயுவை ஏற்பனவாய் நிற்குமா, விடுப்பனவாய் மாறுமா என்பதனை இன்னும் உறுதியாகக் கூறுவார் இலர். இபுகியின் வழிவந்த மூன்றாம் துணைக்கோளை ஜப்பானியர் 2025-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் விண்ணுக்கு அனுப்பினர்.