குழாய் வைத்த குழந்தையும் குடல்வால் நோயும்

வயிற்றுவலி என்று குழந்தை வந்தால் மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். தலையில் ‘ஷண்ட்’ என்னும் குழாய் வைத்த குழந்தையானால் அது போதாது. மருத்துவம் பயிலாத தோழர்களும் இதை அறிய வேண்டுமென விரும்புகிறேன்; காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

மூளைக்குள் ஓயாது நீர் ஊறுகிறது. வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லி லிட்டர். அது வடிய வழியில்லாவிடின் கைக்குழந்தையின் தலை பெருக்கும், மூளை நசுங்கும். தோலுக்கடியே ஒரு சிலிக்கோன் குழாயைச் செலுத்தி அந்நீரை வயிற்றறைக்குள் இறக்கிவிடுவதே ஷண்ட். அமெரிக்கத் தொழிலாளி ஜான் ஹோல்ட்டர், நோயுற்ற தம் மகனுக்காக 1956ஆம் ஆண்டளவில் செய்த வால்வு இச்சிகிச்சைக்குப் பெருந்துணையாயிற்று. தந்தையின் தவிப்பு பலர் பிள்ளைகளைக் காத்தது!

குழாயின் கீழ்முனை கிடக்கும் அதே வயிற்றறையில்தான் குடல்வாலும் இருக்கிறது. ஆகவே காய்ச்சலும் வயிற்றுவலியும் வாந்தியும் கண்டால், குடல்வால் வீங்கியதா, குழாயில் கிருமி சேர்ந்ததா, குழாய்முனையைச் சுற்றி நீர்க்கட்டி உண்டாயிற்றா என்ற ஐயம் எழும். குழாய் அடைபட்டாலும் வாந்தி வரும். தலைவலியும் மயக்கமும் உடன் வரலாம்.

முதற்கேள்வி, “கடைசியாக ஷண்ட் அறுவை நடந்தது எப்போது?” என்பது. குழாயில் கிருமி சேர்வது பெரும்பாலும் முதற்சில மாதங்களில்தான். பல ஆண்டுகள் கழிந்தபின், தொப்புளருகே தொடங்கிய வலி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கினால் குடல்வாலை ஐயுறலாம். அல்ட்ராசவுண்டு கட்டியையும் காட்டும், வீங்கிய குடல்வாலையும் பெரும்பாலும் காட்டும். தேவையானால் தலையின் சி.டி. படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிடுவர். வால்வருகே நுண்ணூசியால் நீரெடுத்துச் சோதிப்பர். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த குழந்தைக்கு அடிவயிற்றில் உணர்ச்சி குன்றியிருக்கலாம். “அழவில்லையே” என்று அங்கே அமைதி கொள்ளலாகாது.

குடல்வால் வெடிக்குமுன் கண்டுபிடித்தால் அதை அகற்றி, கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து, குழாயைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். வெடித்துச் சீழ் பரவினால் குழாய்வழியே கிருமி மூளைக்கு ஏறக்கூடும். அப்போது கீழ்முனையை வெளியே எடுத்து, நீரைப் பையில் வடியவிட்டு, நீர் தூய்மையானது சோதனையில் உறுதியான பின்னரே மீண்டும் உள்ளே வைப்பர். வடிகாலின்றிக் குழாயை நீக்கிவிட்டால் தலையில் அழுத்தம் ஏறும். எனவே வயிற்று அறுவை மருத்துவரும் மூளை அறுவை மருத்துவரும் கலந்தே முடிவு செய்யவேண்டும்.

இனிக் காரணத்துக்கு வருகிறேன். என் ஊர் சித்தூர்த் தாலுகா. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தார் கோவைக்கும் போவர், திருச்சூருக்கும் போவர். மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர் போடிமெட்டு இறங்கித் தேனிக்கும் போவர், கோட்டயத்துக்கும் போவர். குழாய் வைத்தது ஒரு மாநிலம், வயிறு நோவது மறு மாநிலம் என்றாகிவிடுகிறது. “தலையில தண்ணி எடுத்தாங்க” என்பதற்குமேல் பெற்றோருக்குச் சொல்லத் தெரிவதில்லை. மருத்துவமனைச் சீட்டோ ஆங்கிலத்தில். சிலர் வலிக்கு விளக்கெண்ணெய் புகட்டுகின்றனர்; குடல்வால் வீங்கியிருந்தால் அது பெருந்தீங்கு.

விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்கள், அறிந்த வீட்டில் இத்தகைய குழந்தை இருந்தால், அறுவை நடந்த நாள், மருத்துவமனை, வால்வின் பெயர் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிக் கொடுங்கள். தமிழில் பெற்றோருக்கு, ஆங்கிலத்தில் மருத்துவருக்கு. பழைய சி.டி. படத்தைப் பரணில் போட்டிருப்பார்கள். அதையும் எடுத்து அட்டையோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.