அடிச் சிப்பாய் எது?

போன வருடம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான சதுரங்கப் போட்டி ஒன்றில், நான்காவது நகர்த்தலிலேயே எனக்கு வேர்த்துவிட்டது. ஃபிரெஞ்சு டிஃபென்ஸில் பன்னிரண்டு நகர்த்தல் வரை மனப்பாடம் பண்ணிவிட்டுப் போயிருந்தேன். (தெர்மோ பரீட்சைக்குக்கூட அவ்வளவு படித்ததில்லை.) எதிரே இருந்தவர் என் பட்டியலில் இல்லாத ஒன்றை ஆடினார். அதோடு சரி. மற்ற பலகைகளில் நண்பர்கள் எடுத்த புள்ளியும் வீணாகி, எங்கள் குழு வெளியேறியது. திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீ நகர்த்தலைப் படிச்சிருக்க தம்பி, எதுக்குன்னு படிக்கல," என்றார் சீனியர் அண்ணன் ஒருவர். அன்று இரவு அவர் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பலகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை இ4, கறுப்பு இ6. வெள்ளை டி4, கறுப்பு டி5. மூன்றாவதாக வெள்ளை இ5 என்று தள்ளுகிறது. இப்போது நிறுத்திப் பாருங்கள். வெள்ளையின் இ5 சிப்பாயைத் தாங்கி நிற்பது டி4 சிப்பாய். சுவரை இடிக்க வேண்டுமென்றால் உச்சிச் செங்கல்லைத் தட்டுவோமா, அடியைப் பெயர்ப்போமா? சிப்பாய்ச் சங்கிலியை அடியில் தாக்கு என்று நிம்சோவிச் 1925-இலேயே 'மை சிஸ்டம்' புத்தகத்தில் விளக்கியிருக்கிறார்.

அடி டி4 என்று தெரிந்துவிட்டால், கறுப்பின் நகர்த்தல்கள் தாமாகவே வரும். சி5 சிப்பாய் டி4-ஐ இடிக்கிறது. வெள்ளை சி3 ஆடி முட்டுக்கொடுக்கும். குதிரை சி6-க்கு வருகிறது, அதன் கண்ணும் டி4 மேல்தான். ராணி பி6-க்குப் போவதும் அதற்கே. இன்னொரு குதிரை எஃப்6-க்குப் போக முடியாது, இ5 சிப்பாய் அடித்துவிடும். அதனால் இ7 வழியாக எஃப்5-க்குப் போகிறது. அங்கிருந்தும் டி4! நான் தனித்தனியாக மனப்பாடம் பண்ணிய அத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு கட்டம்.

ஒரு பொறியும் உண்டு. வெள்ளை குதிரையை எஃப்3-இலும் பிஷப்பை டி3-இலும் வைக்கிறது. சி5 சிப்பாய் டி4-இல் வெட்ட, வெள்ளை சி3 சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. டி4 சிப்பாய் இலவசம் மாதிரி தெரியும். குதிரையால் வெட்டினால் வெள்ளைக் குதிரை திருப்பி வெட்டும், ராணியால் அதை வெட்டுவீர்கள். உடனே பிஷப் பி5-இல் செக்! பின்னாலிருந்த வெள்ளை ராணிக்கு வழி திறந்து, உங்கள் ராணி காலி. அதனால்தான் முதலில் கறுப்பு பிஷப் டி7-க்கு வருகிறது. "ஏன் இந்தச் சோம்பேறி நகர்த்தல்?" என்று நான் ரொம்ப நாள் யோசித்தது இதைத்தான்.

சரி, என் எதிராளி என்ன ஆடினார்? நான்காவது நகர்த்தலில் சி3 ஆடாமல், டி4 சிப்பாயால் சி5-ஐ வெட்டினார். நான் பதறி ராணியை ஏ5-க்குக் கொண்டுபோய் செக் வைத்தேன். அவர் சி3 ஆட, ராணியால் சி5-ஐ வெட்டினேன். பிஷப் இ3-க்கு வந்து விரட்ட, சி7-க்கு ஓடினேன். மூன்று நகர்த்தல் ராணிக்கே போய்விட்டது, மற்ற காய்கள் எல்லாம் வீட்டில்.

நிதானமாகப் பார்த்திருந்தால், அவரே தன் அடிச் சிப்பாயை எடுத்துக் கொடுத்துவிட்டார்! இ5 இப்போது தாங்க ஆளில்லாமல் நிற்கிறது. பிஷப்பால் சி5-ஐ வெட்டினால் ஒரு காய் வெளியே வந்தாயிற்று. பிறகு ஒரு குதிரை சி6, மற்றது இ7 வழியாக ஜி6, நேரம் பார்த்து எஃப்6. எல்லாம் இ5-ஐக் குறிவைத்து.

இந்த வருடம் அதே ஆளோடு மறுபடியும் ஆட வாய்த்தது. அதே நான்காவது நகர்த்தல். பிஷப்பால் வெட்டினேன். நாற்பது நகர்த்தலுக்கு மேல் போய் டிரா ஆனது. சி8-இல் இருந்த இன்னொரு பிஷப் மட்டும், இ6 சிப்பாய் வழியை மறித்ததால், கடைசிவரை உருப்படியாக எதுவும் செய்யவில்லை. அதை எப்படி வெளியே கொண்டுவருவது என்று அண்ணனும் நானும் இன்னும் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.