கவ்வாத்துக் கத்திக்கு ஒரு தோல் உறை: அளவு எடுப்பது முதல் மெருகு வரை

கவ்வாத்துக் காலம் வந்துவிட்டால் நமது லயங்களில் கத்தி தீட்டும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். கத்தி கூராகத்தான் இருக்க வேண்டும். மொட்டைக் கத்தியால் வெட்டினால் வாது சிதைந்து பிளந்துவிடும். பிளந்த இடத்தில் தண்ணீர் தங்கி, தேயிலை மரம் உள்ளுக்குள் உளுத்துப்போகும். ஆகவே கூர் தேவை. ஆனால் அந்தக் கூரை எதற்குள் வைத்துக்கொண்டு மலை ஏறுகிறோம்?

அநேகமானோர் சாக்குத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். சிலர் சும்மா கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மழை பெய்த சரிவில் கால் வழுக்கினால் சாக்கு என்ன செய்யும்? தொடையில் வெட்டு வாங்கி மருந்து வீட்டுக்கு வந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டில் ஆபத்து இதைவிடப் பெரியது. ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளும் இருக்கும்போது, மூலையில் சாத்தி வைத்த கத்தி பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்திலேயே இருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல தோல் உறை போதும். தோலால் செய்த கைத்துப்பாக்கி உறையைப் பொலிஸ்காரர் இடுப்பில் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்கிற முறையும் இதுதான்: மாதிரி வெட்டுவது, தைப்பது, நனைத்து உருவம் பிடிப்பது, மெருகு போடுவது. இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை பொறுமையாக உட்கார்ந்தால் யாரும் செய்யலாம்.

தோல் வேலை கீழான வேலை என்று ஒதுங்குகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். நம் காலையும் கையையும் காப்பாற்றுகிற எந்த வேலையும் கீழான வேலை அல்ல.

தேவையான பொருட்கள்

தோல், காட்போர்ட் மட்டை, கூரான சிறு கத்தி, செருப்புத் தைக்கிற குத்தூசி, மொட்டை முனையுள்ள இரண்டு தடித்த ஊசி, பருமனான நைலோன் நூல், தேன்மெழுகு, செருப்புக்காரர்கள் பாவிக்கிற மஞ்சள் பசை, ஒரு அமுக்குப் பட்டன், சாண்ட் பேப்பர், தேங்காய் எண்ணெய்.

தோலைத் தெரிவு செய்தல்

3 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள மாட்டுத் தோல் வேண்டும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதாக இருப்பது முக்கியம். டவுனில் செருப்புத் தைக்கிறவர்களிடம் கேட்டால் துண்டுத் தோல் கிடைக்கும். வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளும் புறமும் ஒரே மண்ணிறமாக இருந்தால் அது பட்டையில் பதனிட்டது. நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம் உப்பில் பதனிட்டது. அது மெதுவாக இருக்கும், உருவம் நிற்காது. அதிலுள்ள உப்பு கத்தியையும் துருப்பிடிக்க வைக்கும். வயிற்றுப்பக்கத் தோல் இழுபடும். முதுகுப்பக்கத் தோலே நல்லது.

1. மாதிரி வெட்டுதல்

தோலில் நேரே கத்தி வைக்காதீங்க. முதலில் மட்டையில் செய்து பாருங்கள். மட்டையில் ஒரு நேர்க்கோடு கீறுங்கள். இதுதான் மடிக்கிற இடம். கத்தியின் முதுகு இந்தக் கோட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்படி படுக்க வைத்து, சுற்றிப் பென்சிலால் வரையுங்கள்.

கவ்வாத்துக் கத்திக்கு நுனி வளைவு உண்டு. அந்த வளைந்த நுனிதான் வெட்டுப் பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே உறையின் வாயும் அந்த நுனி புகுந்து வரும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். நுனிக்கு வெளியே 3 மில்லிமீட்டர் இடம் விட்டு, அதற்கு அப்பால் இன்னும் அரை அங்குலம் கூட்டி, வாயிலிருந்து அடிவரை நேராக ஒரு கோடு கீறுங்கள். அடியிலும் அதே அளவு விடுங்கள். கத்தியின் வளைவைப் போலவே உறையையும் வளைத்து வெட்டினால், உள்ளே போன கத்தி வெளியே வராது.

மட்டையை மடித்து, ஓரத்தைக் குண்டூசியால் பிடித்து, கத்தியை மெதுவாக விட்டு எடுத்துப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் வந்தால் மாதிரி சரி.

2. தோலை வெட்டுதல்

மாதிரியைத் தோலின் பளபளப்பான பக்கத்தில் வைத்து, ஊசி முனையால் கோடு இழுங்கள். அடியில் பலகை வைத்து, ஒரே அழுத்தில் அறுக்காமல் இரண்டு மூன்று தடவை இழுத்து அறுங்கள். தோலைப் பிடிக்கும் கை கத்தி போகிற பாதையில் இருக்கக்கூடாது.

இதோடு இன்னும் மூன்று துண்டு வெட்ட வேண்டும்: இடுப்புப் பட்டி கோர்ப்பதற்கு ஒன்றரை அங்குல அகலத்தில் ஒரு வார், கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்க ஒரு சிறிய வார், அப்புறம் ஓரத்தில் நடுவே வைப்பதற்கு அரை அங்குல அகலத்தில் ஒரு பட்டி. இந்த நடுப்பட்டியை யாரும் விட்டுவிடக்கூடாது. அது இல்லாவிட்டால் கத்தியின் கூர் நேரே நூலில் பட்டு, ஒரு மாதத்தில் தையலை அறுத்துவிடும். பிறகு உறை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

3. வாரும் பட்டனும்

உறையை மடிப்பதற்கு முன்பே இடுப்பு வாரைப் பின்பக்கத்தில் தைத்துவிட வேண்டும். கைப்பிடி வாரையும் பட்டனையும் இப்பொழுதே பொருத்துங்கள். மடித்துத் தைத்த பிறகு உள்ளே கை போகாது.

4. பசை போடுதல்

நடுப்பட்டியை வெட்டுப் பக்க ஓரத்திலும் அடியிலும் வைத்து ஒட்டுங்கள். ஒட்டும் இரண்டு முகத்திலும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை 10, 15 நிமிடம் பொறுத்திருங்கள். பிறகு ஒன்றாக அழுத்தி, சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். இந்தப் பசை சட்டென்று தீப்பிடிக்கும், மணமும் தலையைச் சுற்றும். அடுப்பு எரிகிற அறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். வாசலில் உட்கார்ந்து செய்யுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீங்க. ஒரு இரவு காயட்டும்.

5. தைத்தல்

ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே ஒரு கோடு போடுங்கள். சாப்பிடுகிற முள்ளுக்கரண்டியை அந்தக் கோட்டில் அழுத்திக்கொண்டே போனால் துளைகளுக்குச் சமமான அடையாளம் கிடைக்கும். ஏறக்குறைய 5 மில்லிமீட்டருக்கு ஒரு துளை போதும். குத்தூசியால் நேராகக் குத்துங்கள். பின்னால் கையை வைக்காமல் ஒரு மரக்கட்டையை வையுங்கள்.

நூல் தையலின் நீளத்தைப் போல் 8 மடங்கு வேண்டும். 12 அங்குலத் தையலுக்கு 96 அங்குல நூல். அதைத் தேன்மெழுகில் இழுத்து, இரண்டு நுனியிலும் ஒவ்வொரு ஊசி கோருங்கள். முதல் துளையில் நூலை விட்டு இரு பக்கமும் சமமாக்குங்கள். அடுத்த துளையில் ஒரு ஊசி இந்தப் பக்கமிருந்தும், மற்ற ஊசி அந்தப் பக்கமிருந்தும் போக வேண்டும். இரண்டையும் ஒரே பலத்தில் இழுங்கள். இப்படித் தைத்தால் ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் ஒரு இடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துவிடும். கடைசியில் மூன்று துளை திரும்பி வந்து தைத்து, நூலை வெட்டி, நுனியை நெருப்பில் லேசாகக் காட்டுங்கள்.

அடி மூலையில் ஒரு சிறு துளை விடுங்கள். மழைத் தண்ணீர் வடிந்து போக அதுவே வழி.

6. உருவம் பிடித்தல்

உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம் அமிழ்த்துங்கள். கொதிநீர் பட்டால் தோல் சுருங்கிக் கல்லாகிவிடும். கத்தியைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே விட்டு, வாய்ப்பக்கத்தையும் தட்டையான பக்கத்தையும் விரலால் அழுத்தி உருவம் கொடுங்கள். ஆனால் வளைவின் உள்பக்கக் குழியில் அழுத்த வேண்டாம். அழுத்தினால் நுனி மாட்டிக்கொள்ளும். உருவம் வந்ததும் கத்தியை எடுத்துவிட்டு, உறையை இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். குளிர்காலம் என்றால் இன்னும் ஒரு நாள் பிடிக்கும். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் தோல் வெடித்துவிடும்.

7. மெருகு

ஓரங்களைச் சாண்ட் பேப்பரால் தேயுங்கள். கொஞ்சம் ஈரம் தொட்டு, மொத்தத் துணியால் பளபளப்பு வரும்வரை உரசுங்கள். தேன்மெழுகு ஒரு பங்கும் தேங்காய் எண்ணெய் இரண்டு பங்கும் ஒரு டின்னில் போட்டு, அந்த டின்னைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். ஆறியதும் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசுங்கள். எண்ணெயை ஊற்றி ஊற்றித் தேய்த்தால் தோல் தளர்ந்து, பிடித்த உருவம் போய்விடும்.

நினைவில் வையுங்கள்

ஈரக் கத்தியை உறைக்குள் போடாதீர்கள். வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தொட்டு வையுங்கள். பல நாள் வேலை இல்லையென்றால் கத்தியை உறைக்கு வெளியே, பூட்டிய பெட்டியில் வைப்பது நல்லது. தோலுக்குள்ளேயே கிடந்தால் கத்தி கறுத்துத் துருப்பிடிக்கும்.

மழைக்காலத்தில் உறையில் பூஞ்சணம் பூத்தால் வினாகிரி கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் கூடும்.

மாதம் ஒரு தடவை தையலைப் பாருங்கள். நூல் தேய்ந்திருந்தால் உடனே தையுங்கள். கைப்பிடி வாரைப் பூட்டாமல் ஒரு அடியும் நடக்காதீர்கள்.

உறை இருக்கிறது என்று கத்தியைத் தரையில் விடக்கூடாது. பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஆணி அடித்து மாட்டுங்கள். கை கால் வெட்டுப்பட்டால் மஞ்சளும் கோப்பித்தூளும் அப்பிக்கொண்டு இருக்க வேண்டாம். காயத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மருந்து வீட்டுக்குப் போங்கள். ஏற்புவலி ஊசி போட வேண்டுமா என்று அங்கே கேளுங்கள்.

வீட்டில் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். முதல் உறை அப்பாவின் கத்திக்கு ஆகட்டும். அது நன்றாக வந்தால் அடுத்த லயத்திலிருந்தும் கேட்டு வருவார்கள்.